எருமைக்குத் தாங்காத சங்கிலி

தம்பிகளே, போன வாரம் சத்தியவேடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஒரு சின்ன டிராக்டர் தார் ரோட்டில் ஜல் ஜல் என்று வந்தது. பின்சக்கரம் இரண்டிலும், சேற்றில் வழுக்காமலிருக்கக் கட்டுகிற சங்கிலி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஓட்டியவன் உங்களில் ஒருவன்தான். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். கை காட்டி நிறுத்தி, "சேறு எங்கப்பா?" என்று கேட்டேன். "மழை வருதாம் தாத்தா, ரேடியோவுல சொன்னாங்கோ" என்றான். மழை வரும் என்று ரேடியோ சொன்னதற்காக வீட்டுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தூங்குகிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று பார்த்துவிட்டேன்.

டயர் சங்கிலியைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளே எனக்குச் சிரிப்பு. எந்தக் கடை, பளபளப்பு எவ்வளவு நாள் நிற்கும், பக்கத்து ஊர்க்காரன் வாங்கியதைவிடப் பருமனாகக் கிடைக்குமா. மாப்பிள்ளைக்குச் செயின் வாங்குகிற மாமனார்கூட இதைவிட நல்ல கேள்வி கேட்பார். எந்தத் தரையில் போடுவது, எப்போது கழற்றுவது, எந்த இடத்துக்குச் சங்கிலியே ஆகாது என்று இதுவரை ஒருவனும் கேட்கவில்லை.

பூட்டுகிற முறையைப் பட்டறையில் காட்டித் தருவார்கள். தரையில் பரப்பி, சக்கரத்தை மேலே ஏற்றி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, கொக்கியின் மூக்கு டயரைக் குத்தாமல் வெளியே பார்க்கவைத்து, கொஞ்சம் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும். அரை நாளில் வந்துவிடும். நான் சொல்லப்போவது அரை ஆயுளானாலும் சிலருக்கு வராத பகுதி.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எங்கள் பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கம் சேரும் என்பது இன்னும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. விவசாயிகளுக்கு வாடகைக்கு டிராக்டர் விடுகிற ஒரு டிப்போவில் நான் மெக்கானிக். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே விட்டுவிட்டது, ஸ்பானர் பிடித்துக்கொண்டது. எங்களிடம் இருந்தது மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு சின்ன டிராக்டர். அதை ஓட்டியவரை எல்லோரும் பெரிய டிரைவர் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் உயரத்தைவிட மீசை அகலம். டிராக்டரில் ஏறுமுன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்; இறங்கிய பிறகு யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு சுற்றுப் பார்ப்பார்.

டிராக்டரோடு ஒரு மரப்பெட்டியும் வந்திருந்தது. பெட்டியின்மேல் படம்: தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி, கனத்த கோட்டுப் போட்ட ஒருவன், சங்கிலி கட்டிய சக்கரம். பெட்டிக்குள்ளே சங்கிலி இரண்டு ஜோடி. ஒன்று மெல்லியது, கண்ணிகள் நெருக்கமானது. இன்னொன்று கனத்தது, குறுக்குச் சங்கிலிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டது. எங்கள் ஏரிப்பக்கத்துக் களிமண்ணுக்கு இரண்டாவதுதான் ஆகும். இடைவெளி இருந்தால்தான் சேறு உதிர்ந்து விழும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு சக்கரம் கொழுக்கட்டையாகிவிடும். நான் இதைச் சொன்னேன். பெரிய டிரைவர் இரண்டையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"கனமானதுதாம்பா நல்லது" என்றார். எனக்குச் சந்தோஷம். காரணத்தையும் அவரே சொன்னார்: "இன்னா சத்தம் குடுக்குது பாத்தியா. வண்டிக்குக் கொலுசு மாதிரி."

சரியான பொருளைத் தப்பான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறவனிடம் எச்சரிக்கையாக இருங்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தவனையாவது திருத்தலாம்.

சத்தியவேடு பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள், இன்னமும் வருவார்கள். அங்கே கிழக்குத் தெரு முழுக்க ஊர் மெட்ராஸோடு சேரவேண்டும் என்ற கட்சி. அதற்குத் தலைவர் அரிசி மில்காரர். மேற்குத் தெரு முழுக்க ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்ற கட்சி. அதற்குத் தலைவர் கிராம முன்சீப். மெட்ராஸ் வேண்டும் என்ற மில்காரர் தன் மில் கணக்கைத் தெலுங்கில் எழுதுவார். ஆந்திராதான் வேண்டும் என்ற முன்சீப், வீட்டில் மனைவியிடம் திட்டு வாங்குவது தமிழில். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் எங்கள் டிராக்டரைக் கெடுத்தார்கள்.

ஆயுதபூஜை வந்தது. பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். பெரிய டிரைவர் சக்கரத்துக்குக் கனத்த சங்கிலியைப் பூட்டி, கண்ணி கண்ணியாகச் சந்தனம் அப்பி, சாமந்தி மாலை சுற்றினார். மில்காரர் பார்த்தார். எங்கள் தெரு ஊர்கோலத்தில் இந்த வண்டி முன்னால் போகவேண்டும் என்றார். போயிற்று, கப்பி ரோட்டில், கல்லின்மேல் இரும்பு நறநறவென்று. அதைக் கேட்ட முன்சீப்புக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் மேற்குத் தெரு ஊர்கோலத்திலும் அதே வண்டி, அதே கொலுசு, அதே கப்பி ரோடு. இரண்டு கொடிக்கும் ஒரே டிரைவர். காலர் இரண்டு நாளும் தூக்கியபடியே இருந்தது.

ஊர்கோலத்தை ரோட்டோரம் நின்று பார்த்தவர்களில் கன்னியம்மா ஒருத்தி. ஏரிக்கரைக்கு நேர் கீழே அவளுக்கு ஒரு துண்டு நிலம், வீட்டில் ஒரு எருமை, வாயில் ஊருக்கே போதுமான மிளகாய். தலையில் புல்லுக்கட்டோடு நின்றவள் பெரிய டிரைவரைப் பார்த்துச் சொன்னாள்:

"யோவ் டிரைவரே, மாட்டுக்கு லாடம் தேயுது, எனக்குச் செருப்பு தேயுது. உன் இரும்பு மட்டும் இன்னா, சாமி குடுத்த வரமா?"

"கொலுசு போட்ட காலைப் பாத்தா உனக்குப் பொறாம" என்றார் அவர்.

"காலைப் பாத்தா இல்ல, தலையைப் பாத்தாதான் கவலையா கீது" என்றாள் அவள்.

ஊர்கோலம் முடிந்த பிறகு நான் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். குறுக்குக் கண்ணிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து சப்பையாகியிருந்தன. சொன்னேன். கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டு வைப்போம், மழைக்கு முன் தேய்ந்த கண்ணிகளை மாற்றுவோம் என்றேன். "பூஜை போட்ட பொருளைக் கழுவக் கூடாதுப்பா" என்று சந்தனத்தோடும் மாலையோடும் அப்படியே டிப்போ சுவரில் மாட்டிவிட்டார். ஈரச் சந்தனம் இரும்பின் இடுக்கில் உட்கார்ந்து துருவைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். உபயோகமான பொருளைக் கெடுக்க நம்மவர்களுக்குத் தெரிந்த மரியாதையான வழி அதைக் கும்பிடுவது.

பிறகு மழை வந்தது. ஐப்பசியில் பிடித்தது கார்த்திகையிலும் விடவில்லை. ஒரு காலை, ஏரிக்கரை நடுவில் சரிகிறது என்று ஆள் ஓடிவந்தான். பெரிய டிரைவர் சங்கிலியைச் சுவரிலிருந்து இறக்கினார். மாலை காய்ந்து சருகாகி அதிலேயே ஒட்டியிருந்தது. கிளம்பிப் போனோம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையின் ஒரு முனை கப்பி ரோட்டில் வந்து சேரும். அங்கே தரை கெட்டி. ரோடு போடக் கொட்டிய கல் அங்கிருந்து ரோட்டோரம் நெடுக மலைமலையாகக் கிடந்தது. எந்த ராஜ்யம் ரோடு போடுவது என்று தீராததால் கல் கல்லாகவே இருந்தது. கரையின் நடுவில் வெளிப்பக்க மண் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கன்னியம்மாவின் நெல், கதிர் பால் பிடித்து நின்றது. கரை போனால் முதலில் போவது அதுதான். அவளுக்கு வேறு நிலமும் இல்லை, வேறு வரும்படியும் இல்லை.

கரையின் இந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு மில்காரர். அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு முன்சீப். அவரவர் ஆட்கள் அவரவர் பின்னால். ஒருவனும் கூடையைத் தொடவில்லை.

"இன்னிக்கி தேதிக்கு இது ஆந்திரா ஏரி. முன்சீப்புதான் பாக்கணும்" என்றார் மில்காரர்.

"ஏமய்யா, மெட்ராஸுக்குப் போற செருவுன்னு நீங்கதானே ஊரு பூரா கத்திக்கினு கீறீங்கோ. நாங்க ஏன் மண்ணு கொட்டணும்?" என்றார் முன்சீப். ஏரிக்கு அவர் வாயில் தெலுங்குச் செருவுதான்.

கன்னியம்மா சரிவில் தனியாக நின்று, வரப்பிலிருந்து மண்ணை வெட்டி வெட்டி மேலே எறிந்துகொண்டிருந்தாள். எறிந்தது எல்லாம் வழிந்து அவள் காலடிக்கே திரும்பி வந்தது. நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு பேரும் குடையை மாத்திப் புடிச்சிக்கோங்கோ, கை வலிக்கப் போவுது" என்றாள்.

டிரெயிலரில் கல்லை ஏற்றினோம். ரோட்டு முனையிலிருந்து கரைமேல் ஏறி நடுவரைக்கும் போய்க் கல்லைக் கொட்டவேண்டும். கரை உச்சி வழவழவென்று நெய் தடவினதுபோல் இருந்தது. பெரிய டிரைவர் முனையிலேயே நிறுத்திச் சங்கிலி பூட்டினார். ஊரே பார்க்கிறது, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் கண்ணிகளைக் காட்டி, "இது தாங்காதுண்ணா" என்றேன். "தாங்கும்பா, பூஜை போட்டது" என்றார்.

டிராக்டர் கரைமேல் ஏறியது. கொஞ்ச தூரம்தான். பட்டென்று ஒரு சத்தம். வலது சக்கரத்தின் குறுக்குச் சங்கிலி அறுந்து, சுற்றி வந்து மட்கார்டை அடித்து, அடுத்த சுற்றில் அவர் முழங்கையைக் கிழித்தது. வலது சக்கரம் வழுக்க, சங்கிலி பிடித்த இடது சக்கரம் மட்டும் மண்ணைக் கவ்வித் தள்ள, வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் கன்னியம்மாவின் நிலம். பின்னால் டிரெயிலர் நிறையக் கல்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் பயத்தில் ஆக்ஸிலேட்டரை ஏற்றியிருப்பீர்கள். இழுத்துப் பிடித்துத் தப்பலாம் என்று தோன்றும். மண்ணைக் கவ்வுகிற சக்கரம் இன்னும் வேகமாகத் தள்ளி, வண்டியையும் கல்லையும் உங்களையும் நெல்லின் நடுவே கொண்டுபோய் வைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. எஞ்சினை அணைத்தார். பிரேக்கை மிதித்தபடி, "கல்லு வைய்யி" என்று மட்டும் சொன்னார். நான் குதித்துச் சக்கரங்களுக்கு அடியில் கல்லைச் செருகினேன்.

அவ்வளவுதான், ஊருக்கு மூளை வந்துவிட்டது. ஆளாளுக்குச் சங்கிலி கொண்டுவந்தார்கள். மில்காரர் தன் வீட்டு ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலியை எடுத்துவரச் சொன்னார். அதற்கு ஏட்டிக்குப் போட்டியாக முன்சீப் கோயில் கதவுச் சங்கிலியை அவிழ்க்கச் சொன்னார். யாரோ ஒருவன் கன்னியம்மாவின் எருமைச் சங்கிலியைக்கூட அவிழ்க்கப் போனான். அவள் மண்வெட்டியைத் தூக்கியதும் விட்டுவிட்டான்.

"கட்டு, கட்டு, இதைக் கட்டிக்கினு ஏறு" என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் கத்தியது. இரண்டு தெருவும் ஒன்றாகச் சேர்ந்து சொன்ன முதல் விஷயம் அது. அதுவும் தப்பு.

பெரிய டிரைவர் இறங்கினார். முழங்கையில் ரத்தம் வழிந்தது. நான் கொடுத்த கந்தலைக்கூட வாங்கவில்லை. கையிலிருந்த டயர் லீவரைக் கரை உச்சியில் ஊன்றினார். சோற்றில் விரல் போவதுபோல் உள்ளே போயிற்று. எடுத்தார், இன்னும் நாலடி தள்ளி ஊன்றினார். அங்கேயும் அப்படித்தான். பிறகு இடது சக்கரம் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். சங்கிலி பிடித்த இடத்தில் கரை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிக் கிடந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சங்கிலி அறுந்தது எங்கள் அதிர்ஷ்டம். அது புத்தம் புதுசாக இருந்திருந்தால், கரையை உழுதுகொண்டே நடுவரைக்கும் போயிருப்போம். ஏரி உடைவதற்கு வேண்டிய வாய்க்காலை நாங்களே வெட்டிக் கொடுத்திருப்போம்.

"இதும்மேல வண்டி வராது" என்றார் அவர். "சங்கிலி போட்டா கரை போவும். போடாட்டி வண்டி போவும். எந்தச் சங்கிலியும் வேணாம்." உட்கார்ந்து, நல்லதாக இருந்த இடது சங்கிலியையும் கழற்ற ஆரம்பித்தார்.

முன்சீப் சிரித்தார். "ஊர்கோலத்துல ஓடுச்சி, சேத்துல ஓடலியா?"

"கொலுசுக்காரருக்குக் கால் வலி" என்றார் மில்காரர். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

இதுவரை நான் இந்த மனிதரைத் திட்டித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இனியும் திட்டுவேன். ஆனால் அடுத்து அவர் செய்ததை எந்தப் பட்டறையிலும் கற்றுத் தரமாட்டார்கள். வீண் பெருமை எப்படி வேலை செய்யும் என்று அந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை; அதிலேயே ஊறியவர். அறுந்த சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு டிரெயிலர்மேல் ஏறி நின்றார்.

"இந்தக் கொலுசு தேஞ்சது உங்க ரெண்டு பேரு ஊர்கோலத்துல" என்றார். "போட்டுக்கினு ஆடுனவன் நான். ஆட வச்சவங்கோ நீங்கோ. அது போவட்டும். ஒரு சந்தேகம் எனக்கு. அன்னிக்கி வண்டிமேல ஒக்காந்து முன்னாடியே பாத்துக்கினு போயிட்டேன், பின்னாடி திரும்பிப் பாக்கல. கெழக்குத் தெருவுல கூட்டம் ஜாஸ்தியா, மேக்குத் தெருவுல ஜாஸ்தியா?"

"எங்க தெருவுதான். இதுல இன்னா சந்தேகம்?" என்றார் மில்காரர்.

"ஏய், எங்களுது வாலு கோயில்கிட்ட கீறப்போ தலை ஸ்கூலுகிட்ட போயிடுச்சி" என்றார் முன்சீப்.

"வாயால சொன்னா எப்படித் தெரியும்? இங்கேருந்து அந்தச் சரிவு வரைக்கும் கையி கையா கல்லு போவணும். ஏரிப்பக்கம் கெழக்குத் தெரு நிக்கட்டும், நெலத்துப்பக்கம் மேக்குத் தெரு நிக்கட்டும். எந்த வரிசை எட்டாம நடுவுல நிக்குதோ, அந்த ஊர்கோலம் பொய்யி. நான் மேல நின்னு பாக்கறேன். இந்தவாட்டி திரும்பித்தான் ஒக்காருவேன்."

மில்காரர் குடையை மடக்கினார். முன்சீப் அதற்கு முன்பே மடக்கிவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். வீட்டிலிருந்த பெண்கள்கூட வந்தார்கள். தெருவின் வரிசை குட்டையாகப் போய்விடக் கூடாதே. மில்காரர் வரிசை வேகமாகப் போக, மில்லிலிருந்து கோணிப்பைகள் வந்தன. அதைப் பார்த்து முன்சீப் தன் வைக்கோல்போரையே பிரிக்கச் சொன்னார். பையில் மண்ணும் வைக்கோலும், அதன்மேல் கல். டிரெயிலர் காலியானதும் ஆட்கள் கயிறு கட்டிப் பின்னுக்கு இழுத்து இறக்கிய டிராக்டர், கெட்டித் தரையிலேயே, சங்கிலி இல்லாமல், ரோட்டிலிருந்து கல்லை இழுத்துவந்து முனையில் கொட்டியது. அந்த வண்டியால் அன்று ஆகக்கூடிய வேலை அவ்வளவுதான். அதை மட்டும் செய்தது.

சரிவில் நின்று கல்லை வாங்கி அடுக்கியவள் கன்னியம்மா. கிழக்குத் தெருக் கல் எது, மேற்குத் தெருக் கல் எது என்று அவள் பார்க்கவில்லை. "சீக்கிரம், சீக்கிரம், மெட்ராஸ் தூங்குது பார், ஆந்திரா கொட்டாவி வுடுது பார்" என்று இரண்டு பக்கத்தையும் விரட்டிக்கொண்டே இருந்தாள். அந்திக்கு முன் வழிவது நின்றது. மழையும் தளர்ந்தது. நெல் தப்பியது. ஓரத்தில் ஒரு பாத்தி மட்டும் மண் மூடிப்போயிற்று.

பெரிய டிரைவர் கரைமேல் நடந்து அவளிடம் வந்தார். காலர் மறுபடியும் ஏறியிருந்தது. அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்க்கிறார் என்பது அந்த மீசையிலேயே தெரிந்தது.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா குடுப்பியா?"

"கேளு."

"அந்த அறுந்த சங்கிலில ஒரு தும்பு குடு. எருமைக்குக் கட்டணும். இருக்கறது பழசாப் போச்சி."

அவர் பெருமையாகத் தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு சும்மா போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து, காய்ந்த மாலையைப் பிய்த்துப் போட்டாள். ஒவ்வொரு கண்ணியாகக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள். சந்தனத்தை நகத்தால் சுரண்டி, அடியில் இருந்த துருவைப் பார்த்தாள். இரண்டு முனையையும் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். ஒரு கண்ணி வாயைப் பிளந்தது.

எழுந்து, அதைத் திரும்ப அவர் தோளிலேயே போட்டாள்.

"வேணாம் டிரைவரே. என் எருமை ஒரு உதறு உதறினா தாங்காது."

போய்விட்டாள். பெரிய டிரைவர் தன் காலரைத் தானே இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஆயுதபூஜைக்கு இரண்டு தெருவும் மறுபடி வண்டி கேட்டு வந்தன. வெறும் சக்கரத்தோடு நின்ற வண்டியைப் பார்த்து, "கொலுசு எங்க?" என்று கேட்டார் முன்சீப். "எருமைக்குப் பிடிக்கல" என்றார் பெரிய டிரைவர். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புதுச் சங்கிலி எண்ணெய் போட்ட கோணியில் சுற்றிப் பெட்டிக்குள் இருந்தது. அதற்கப்புறம் அது வெளியே வந்தது எல்லாம் உழவுச் சேற்றுக்கு மட்டும். ரோடு கண்ணில் பட்டதும் கழன்றுவிடும். எல்லைக் கோடும் பிற்பாடு ஒரு வழியாகத் தீர்ந்தது. எந்தத் தெரு ஜெயித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கரையில் அன்று அடுக்கிய கல் கலந்தபடியே கிடக்கிறது. பிரித்துக்காட்ட இதுவரை ஒருவராலும் ஆகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நான் நிறுத்திய பையனிடம் திரும்ப வருகிறேன். குனிந்து அவன் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தேன். ஒரு பக்கம் சப்பையாகத்தான் இருந்தது.

"வீட்ல எருமை கீதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. ஏன்?"

"இருக்கறவங்க யாராவது இருந்தா, இதைக் கொண்டுபோய் ஒரு தடவ காட்டு" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தார் ரோட்டில் ஜல் ஜல் என்று போய்விட்டான். அவனுக்கு ஒரு வரியில் சொன்னது புரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதவேண்டியதாயிற்று.